வெட்டாமல் விட்ட நாலு செடி

முயலைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். மரக்கறிப் பாத்தியில் பீன்ஸ் கொழுந்தைக் கடித்துப்போட்டுவிட்டுப் போகும். துரத்துகிற நாயை முட்டாளாக்கிவிட்டு ஓடும். அதன் கறி ருசி என்று ஆண்கள் சொல்வார்கள். கொத்மலைப் பக்கம் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதற்கு மேல் முயலைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. வேறு மாதமாக இருந்திருந்தால் நானும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். அந்த மாதம் நான் எதைப் பார்த்தாலும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு ஏழு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில் அவனைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். மலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. பத்து மணிக்கு ஒரு தடவை, பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். மற்ற நேரமெல்லாம் அவன் அங்கே, நான் இங்கே.

முதல் நாள் அவன் கத்திய கத்தலில் என் கால் வாசலைத் தாண்டவில்லை. அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆயம்மா அவனை இடுப்பில் வாங்கிக்கொண்டு, "திரும்பிப் பாக்காம போங்க. பாத்தீங்கன்னா இன்னும் ரெண்டு மடங்கு கத்துவான்" என்றார். வளைவு வரைக்கும் பார்க்காமல் நடந்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இரண்டு மடங்கு கத்தினான்.

அன்று மாலை என் வீட்டுக்காரரின் அக்கா வாசலுக்கு வந்து நின்றார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா அவருடையது. மூட்டு வலி வந்து வேலையை விட்டவர். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே அவனிடம் சொன்னார்: "என்ன தாயோ உங்கம்மா! இப்படி உட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ."

அண்ணி தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் அதே பிள்ளைக்காம்பராவில் விட்டுத்தான் வளர்த்தார். அதைக் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. கோபத்தை அரிசி களைவதில் காட்டினேன்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது, அதை ஆண்களிடம் சொன்னால் புரியாது. தேயிலைச் செடி வரிசையில், எங்கள் பேச்சில் நிரையில், நின்று கொழுந்து பறிக்கும்போது நேரம் ஆக ஆக மார் கட்டிக்கொள்ளும். எங்கோ கீழே யாருடைய குழந்தையாவது அழுதால் போதும், சட்டை நனைந்துவிடும். செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை மேலே இழுத்து மறைப்பேன். ரொம்பவும் வலித்தால் செடி மறைவில் குந்தி, தேயிலைத் தூரில் பீய்ச்சிவிடுவேன். தாய்ப்பால் காலில் மிதிபடுகிற இடத்தில் விழக்கூடாது என்பது எங்கள் பெண்களின் பழக்கம். செடியின் தூரை யாரும் மிதிப்பதில்லை.

இப்படி ஒரு மாதம் ஓடியிருந்தபோதுதான் முயல் வந்தது.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். நேற்றுவரை பச்சையாக இருந்த மலை ஒரே வாரத்தில் வெறும் குச்சியாக நிற்கும். அந்த வாரம் பிள்ளைக்காம்பராவுக்கும் என் நிரைக்கும் நடுவில் இருந்த மலையில் அவர்களுக்கு வேலை. பகல் பால் கொடுத்துவிட்டு நான் திரும்பும்போது, வெட்டின இடத்துக்கும் வெட்டாத இடத்துக்கும் எல்லையில் நின்று அவர் கை காட்டிக் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா. சத்தம் போடாத."

ஒரு செடியின் கிளையை விலக்கினார். அடியில், காய்ந்த இலைகளுக்கு நடுவில், என் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு முயல்குட்டி. காதை முதுகோடு ஒட்டி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. நெற்றியில் பொட்டு வைத்தமாதிரி ஒரு வெள்ளை. இரண்டு பேர் தலைக்கு மேல் நிற்கிறோம், பக்கத்தில் கத்திச் சத்தம் கேட்கிறது, அது ஓடவும் இல்லை, அசையவும் இல்லை.

"தாய் எங்கங்க?"

"வெடியக்காலையில இருந்து இங்கதான் நிக்கிறோம். தாயக் காணோம். கெடக்கட்டும் உடு. நாளைக்கழிச்சு இந்தப் பக்கம் வெட்ட வரும்போது தள்ளி வச்சிக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன தாயோ இது! இப்படி உட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

சொன்னது யாருடைய வார்த்தை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன், குட்டியைச் சுருட்டினேன், கூடையில் இருந்த கொழுந்துக்கு மேல் வைத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "மனுசப் புள்ளையப் பாக்கவே நேரம் பத்தல" என்றார். நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை.

வீட்டில் பிஸ்கட் பெட்டி ஒன்றில் புல் போட்டு அதற்கு இடம் செய்தேன். மாப்பால் கரைத்து வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரட் இலை வைத்தேன், அதையும் தொடவில்லை. அண்ணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மனுச வாட பட்டுருச்சுல்ல, இனி தாயே வந்தாலும் சேத்துக்காது. பொழைக்காது இது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி சொன்னாலே அதைப் பொய்யாக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வரும். மகன் குடித்து மிச்சம் இருந்த பாலை ஒரு மூடியில் பீய்ச்சினேன். சாமி விளக்குக்கு வாங்கி வைத்திருந்த திரி ஒன்றை அதில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரிதான், முயலுக்கும் அம்மாவாயிட்ட" என்றார். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

இரண்டு தடவை நக்கியது. எனக்கு உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை பால் கடைவாயில் வழிந்து நெஞ்சு ரோமத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு வாயையே திறக்கவில்லை.

மறுநாள் மலைக்குப் போகும்போது பெட்டியை ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்து திறந்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. குட்டி மட்டும் சின்னதாகிப்போன மாதிரி இருந்தது. முதுகில் கை வைத்தேன், எலும்பு தட்டுப்பட்டது.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு மிலாறு எடுக்கப் போனேன். மிலாறு என்பது கவ்வாத்தில் விழுகிற தேயிலைக் குச்சி. எங்கள் அடுப்புகள் அதில்தான் எரியும், வெட்டின மறுநாளே பொறுக்காவிட்டால் மற்றவர்கள் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். எதிர்மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டு கட்டி முடித்து நிமிர்ந்தபோது, மேலே வேலியோரமிருந்து ஒரு பெரிய முயல் வந்தது.

அது மேயவில்லை. அங்கும் இங்கும் பார்க்கவும் இல்லை. வழி தெரிந்த ஆள் நடக்கிற மாதிரி நேராக வந்து, குட்டி இருந்த அந்தச் செடிக்கு அடியில் தலையை விட்டது. வெளியே எடுத்தது. செடியைச் சுற்றி வந்தது. மறுபடியும் தலையை விட்டது. பக்கத்துச் செடிக்குப் போனது, திரும்பி இதற்கே வந்தது. பிறகு பின்னங்காலில் எழுந்து நின்று, காதைத் தூக்கிக்கொண்டு, சும்மா நின்றது. இருபது அடி தூரத்தில் நான் நிற்கிறேன், என்னைப் பார்த்து அது பயப்படவில்லை.

நேற்றும் இதே நேரத்துக்கு வந்திருக்கும், அதற்கு முந்தின நாளும் வந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. அது விட்டுவிட்டுப் போன தாய் இல்லை. தன்னுடைய நேரத்துக்கு வருகிற தாய். நான் பத்து மணிக்குப் போகிற மாதிரி, பகலுக்குப் போகிற மாதிரி, அது அந்திக்கு வருகிறது. நான் போகும்போது பிள்ளைக்காம்பராவில் என் மகன் இருப்பான். அது வரும்போது குட்டி இல்லை, ஏனென்றால் யாரோ ஒருத்தி தூக்கிக்கொண்டு போய்ப் பிஸ்கட் பெட்டியில் போட்டுவிட்டாள்.

அண்ணி சொன்னதையேதான் எழுத்துப் பிசகாமல் நானும் சொல்லியிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. மிலாறுக் கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

பெட்டியைத் தூக்கியபோது என் வீட்டுக்காரர், "இருட்டப் போகுது, காலையில கொண்டுபோய் வைக்கலாமே" என்றார். "காலையில தாய் வராதுங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் இறங்கினேன். அவர் குழந்தையோடு வாசலில் நின்று, பார்த்துப் போ, பார்த்துப் போ என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய முயல் போய்விட்டிருந்தது.

குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால் நாளைக்குள் செத்துவிடும். இங்கே வைத்தால் தாய் மறுபடி வரவேண்டும், வந்தாலும் என் வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதற்குள் நாய் வராமல் இருக்க வேண்டும். லயத்து நாய்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். எங்கள் வாசலில் படுத்துக் கிடப்பதே அவற்றில் இரண்டு. எந்தப் பக்கம் யோசித்தாலும் குட்டி சாகிறது, இரண்டு பக்கமும் காரணம் நான்தான்.

கொழுந்தைக் கசக்கி அதன் முதுகில் தேய்த்தேன். காய்ந்த இலையிலும் மண்ணிலும் புரட்டினேன். நெஞ்சில் என் பால் காய்ந்து ஒட்டியிருந்த இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்தேன். எச்சிலும் மனுச வாடைதானே என்று துடைத்த பிறகுதான் தோன்றியது. இருந்த இடத்திலேயே அதை வைத்தேன். காதை மடித்துக்கொண்டு, முதல் நாள் பார்த்த அதே மாதிரி உட்கார்ந்துகொண்டது. எழுந்து நடந்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் போகிற குணம் எனக்குக் கிடையாது.

காலையில் பெரட்டுக்கு முன்னால் இரண்டு பேருமாகப் போனோம். இரவு தூறியிருந்தது. செடிக்கு அடியில் குட்டி இல்லை. ரத்தம் இல்லை, ரோமம் இல்லை, எதுவுமே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். நாலாவது செடியில் நின்றார்.

"அழுவுறத நிப்பாட்டிட்டு வந்து பாரு."

அங்கே இருந்தது. தாய்தான் கூப்பிட்டு இடம் மாற்றியிருக்க வேண்டும். நேற்று எலும்பு தட்டிய உடம்பு அது. இன்று வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு இருந்தது. நான் தொடவில்லை. தொட்டால் அவர் என் கையை உடைத்திருப்பார்.

அன்று கவ்வாத்து அந்த இடத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தன் கூட்டாளிகளிடம் என்ன சொன்னாரோ, அந்த நாலு செடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி வெட்டிக்கொண்டு போனார்கள். மொட்டை மலையில் நாலு செடி மட்டும் பச்சையாக நின்றால் யார் கண்ணுக்குத்தான் படாது? மலை வேலையை மேற்பார்வை பார்க்க வந்த கண்டாக்கு ஐயா ரோட்டில் நின்றே கத்தினார்.

"அந்த நாலும் யாருக்குப்பா? சாமிக்கு நேந்து உட்டதா?"

"குளவிங்க ஐயா" என்றார் இவர். "கூடு கட்டியிருக்கு."

எங்கள் தோட்டங்களில் இந்த ஒரு சொல் போதும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் குறைவு. கண்டாக்கு ஐயா ரோட்டில் இருந்து ஓரடிகூட உள்ளே வைக்கவில்லை. மருந்தடிக்க ஆள் அனுப்புகிறேன், அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. எங்கள் தோட்டத்தில் ஆட்கள் தாமதமாக வருவது நல்லதாகப் போனது அந்த ஒரு தடவைதான்.

அந்த நாட்களில் மாலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று பார்ப்பேன். தாய் அந்திக்கு வரும். வந்தால் அதிகம் போனால் ஐந்து நிமிடம். குட்டி அடியில் புகுந்து குடிக்கும். முடிந்ததும் ஒரு கொஞ்சலும் இல்லாமல் தாய் ஒரே பாய்ச்சலில் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். போனில் தேடிப் படித்தேன். பக்கத்திலேயே தாய் உட்கார்ந்திருந்தால் அதன் வாடைக்கு மற்ற மிருகங்கள் வந்துவிடுமாம். குட்டிக்கு வாடை குறைவாம். குட்டி பிழைக்க வேண்டும் என்றுதான் தாய் தூரத்தில் இருக்கிறதாம். படித்ததை அண்ணிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அது உட்டுட்டுப் போகல அண்ணி. வேலைக்குப் போயிருக்கு" என்றேன். அண்ணி மூட்டைத் தேய்த்துக்கொண்டே, "நானுந்தான் போனேன். யாரு இல்லைன்னா?" என்றார். அதற்குப் பிறகு அவர் என் மகனிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

போனில் இன்னொன்றும் இருந்தது. ஒரு மாதத்துக்குள் குட்டி தனியாகிவிடுமாம், அதற்கு மேல் தாய் தேவையில்லையாம். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்தில் என்ன தேவையில்லை? என் வீட்டுக்காரருக்கு முப்பத்திரண்டு வயது, நான் வீட்டில் இல்லாவிட்டால் சுடுதண்ணி வைக்க இன்னும் அக்காவைத்தான் கூப்பிடுவார்.

குளவிக்கு மருந்தடிக்க ஆள் வந்த அன்று குட்டி அங்கே இல்லை. முந்தின நாள் மாலை பார்த்தபோது அது புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, செடியை விட்டுப் பத்தடி தள்ளி. வந்த ஆள் கிளையை விலக்கிப் பார்த்தார். குளவியும் இல்லை, முயலும் இல்லை. கண்டாக்கு ஐயாவிடம் என் வீட்டுக்காரர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று பகலுக்குள் நாலு செடியையும் வெட்டிவிட்டார்கள். குட்டி தானாகப் போனதா, நாய் வாயில் போனதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் படுத்திருந்த இரண்டு நாய்களையும் அன்று ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன். அவை வாலை ஆட்டின.

அந்தியில் நான் போய் நின்றேன். பெரிய முயல் வந்தது. வெட்டுப்பட்ட குச்சிகளுக்கு நடுவில் மோந்து பார்த்தது. எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, அங்கேயே நாலு வாய் புல்லைக் கடித்துவிட்டுப் போனது. மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாள் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பகல் பால் நேரத்துக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். வழக்கமாக என் செருப்புச் சத்தத்துக்கே அழ ஆரம்பித்துவிடுகிறவன் அன்று அழவில்லை. பாயில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். ஆயம்மா பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் சோறு. என்னைப் பார்த்துச் சிரித்தான். தூக்கி மடியில் போட்டு மாரைக் கொடுத்தேன். ஒரு வாய்கூட இழுக்கவில்லை. கையால் என் நெஞ்சைத் தள்ளிவிட்டு, உடம்பை வளைத்துக்கொண்டு, சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துத் தாவினான்.

"இனி பகல்ல நீங்க ஓடி வரத் தேவையில்லைங்க" என்றார் ஆயம்மா சந்தோஷமாக. "சோறே அவனுக்குப் போதும்."

இரண்டு மாதமாக நான் கும்பிட்டுக் கேட்டதே இதைத்தான். அழாமல் இருக்க வேண்டும், சாப்பிட வேண்டும், என்னைத் தேடக் கூடாது. கேட்டது கிடைத்த அன்று எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த முறை அவன் கத்தவில்லை. அதனால் வளைவில் திரும்பிப் பார்க்கவும் காரணம் இல்லை. ஆனாலும் பார்த்தேன். அவன் முதுகுதான் தெரிந்தது.

கவ்வாத்து மலையைக் கடக்கும்போது மார் கல்லாகிவிட்டது. அந்த நாலு குச்சிக்கு நடுவில் போய்க் குந்தினேன். மறைவு எதுவும் இல்லை, படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த முயலுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும். குட்டி போய்விட்டது என்று அதற்கே தெரிந்திருக்கலாம், பாலுக்குத் தெரியாதல்லவா? ஒரு தூரைப் பார்த்துக் குனிந்து, மிதிபடாத இடமாகப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பீய்ச்சினேன். பிறகு எழுந்து நிரைக்குப் போனேன்.

மறுநாள் பகலிலும் அதே நேரத்துக்குச் சட்டை நனைந்தது. அன்றும் அங்கேதான் போய் உட்கார்ந்தேன்.